புரோக்கர் சரியில்லை என்றால் பாலிசியை என்ன செய்வது?

போன் அடித்தால் எடுப்பதில்லை. மெயில் போட்டால் பதில் இல்லை; வந்தாலும் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று ஒற்றை வரி. பாலிசியில் முகவரியை மாற்றச் சொல்லி மாதம் ஒன்றாகிறது, இன்னும் பழைய முகவரியே நிற்கிறது. இன்சூரன்ஸ் புரோக்கரிடம் இப்படி மாட்டிக்கொண்டவர்களிடம் அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். ‘ரினியூவல் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.’ அல்லது, ‘இந்தப் பாலிசியே வேண்டாம், வேறு கம்பெனிக்குப் போகிறேன்.’ முதலாவது ஆபத்து. இரண்டாவது பல சமயம் அதைவிடப் பெரிய ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வழிகள் இருக்கின்றன. எந்த நிலைமைக்கு எது பொருந்தும் என்பதைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏஜென்ட் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள். புரோக்கர் உங்கள் ஆள். கமிஷனைக் கம்பெனிதான் கொடுக்கிறது என்றாலும், பெரும்பாலான நாடுகளில் சட்டம் புரோக்கரை வாடிக்கையாளரின் பிரதிநிதியாகத்தான் பார்க்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதனால்தான் மோசமான புரோக்கர் வெறும் எரிச்சலோடு நிற்காமல் நஷ்டத்திலும் கொண்டுபோய் விடுகிறார். உங்கள் பிரதிநிதி செய்த தாமதம், கம்பெனியின் கணக்கில் நீங்கள் செய்த தாமதம்.

ஒரு கடைக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்துச் சரக்கு நனைந்துவிட்டது என்று வையுங்கள். கடைக்காரர் அன்றைக்கே போட்டோ எடுத்துப் புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அங்கே அதைப் பார்க்க வேண்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். விஷயம் கம்பெனிக்குப் போய்ச் சேர ஆறு வாரம் ஆகிறது. நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்போது நனைந்த பெட்டிகளைக் குப்பையில் போட்டாயிற்று, சுவரும் காய்ந்துவிட்டது. ‘ஏன் உடனே தெரிவிக்கவில்லை?’ என்று கம்பெனி கேட்கும். ‘புரோக்கரிடம் அன்றே சொன்னேனே’ என்பது நியாயமான பதில்தான். ஆனால் கிளெய்ம் தகவலைத் தன் சார்பில் வாங்கிக்கொள்ளக் கம்பெனி அந்தப் புரோக்கருக்கு அதிகாரம் கொடுத்திருந்தால் ஒழிய, அது கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. தாமதம் ஒன்றை மட்டுமே காரணம் காட்டி நேர்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று இந்தியாவின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. வேறு பல நாடுகளிலும், தாமதத்தால் கம்பெனிக்கு உண்மையில் பாதிப்பு ஏற்பட்டதா என்று கேட்கும் வழக்கம் உண்டு. அந்தப் பாதுகாப்பெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாதாடும் நிலைமைக்கே வராமல் இருப்பது நல்லது.

உடல்நிலை விவரங்களிலும் இதே கதைதான். வாங்குபவருக்குத் தெரிந்த, கம்பெனிக்குத் தெரியாத முக்கியமான விஷயங்களை வாங்குபவர்தான் சொல்ல வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 1766-ல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு நிலைநாட்டினார். சாதாரண வாடிக்கையாளர்களுக்கு அந்த விதியைப் பல நாடுகள் பின்னால் தளர்த்திவிட்டன. பிரிட்டனே 2012-ல் தனிச் சட்டம் போட்டுத் தளர்த்தியது. ஆனாலும் கிளெய்ம் வந்தால் கம்பெனி முதலில் புரட்டுவது, பாலிசி எடுக்கும்போது கொடுத்த விண்ணப்பமான புரொபோசல் பாரத்தைத்தான். சர்க்கரை நோய் இருப்பதைப் புரோக்கரிடம் வாயால் சொன்னீர்கள், அவர் பாரத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டார் என்றால், அந்த டிக் உங்களுடையது.

ஆகவே பதில் வராத மெயிலை மரியாதைக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மெயிலில் எழுதிய விஷயம் கம்பெனிக்குத் தெரியுமா, தெரியாதா? கேள்வி அதுதான்.

முதலில் ஒரு போன்

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பாலிசி ஷெட்யூலை எடுத்தால் பாலிசி எண், கவரேஜ் முடியும் தேதி, இடைத்தரகர் பெயர், அவருடைய கோடு, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் முதல் பக்கத்திலோ இரண்டாவது பக்கத்திலோ இருக்கும். கம்பெனிக்கு நேராகப் போன் செய்து கேளுங்கள்: ‘என் பாலிசியில் இந்த மாற்றம் கேட்டிருந்தேன். அது உங்களுக்கு எந்தத் தேதியில், யாரிடமிருந்து வந்தது?’

வரும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்றால் தவறு புரோக்கருடையது. அந்த நிமிடமே நேராக உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டுப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ‘மூன்று வாரம் முன்பே வந்தது, பரிசீலனையில் இருக்கிறது’ என்றால் கம்பெனிதான் இழுத்தடிக்கிறது. புரோக்கர் நடுவில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். இது நினைப்பதைவிட அதிகமாகவே நடக்கிறது. அப்படிப்பட்ட புரோக்கரை மாற்றினால் ஒன்றும் சரியாகாது, அடுத்தவரும் அதே சுவரில்தான் முட்டிக்கொள்வார். மூன்றாவது பதில்: ‘இந்த ஆவணம் கேட்டிருந்தோம், உங்கள் பக்கத்திலிருந்து வரவில்லை.’ ஆவணம் கேட்ட செய்தியே உங்களுக்கு வந்து சேரவில்லை. அதாவது புரோக்கர் ஆபீசில் ஒரு மெயில் தூங்குகிறது.

புரோக்கர் இருக்கும்போது கம்பெனியை நேராகக் கூப்பிடுவது சரியா என்று சிலர் தயங்குகிறார்கள். சரிதான். ஒப்பந்தம் உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையில். பிரீமியம் உங்கள் பணம். சில கம்பெனிகள் ‘புரோக்கர் மூலமாக வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப் பார்க்கும். அப்போதும் விடாமல், ‘நீங்கள் எனக்கு வேலை செய்து தர வேண்டாம், தகவல் வந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கிளெய்ம் தகவலுக்கோ இந்தத் தயக்கமே கூடாது. புரோக்கருக்குச் சொல்லுங்கள், அதே நாளில் கம்பெனிக்கும் எழுதுங்கள்.

இன்னொரு கேள்வியையும் அதே போனில் கேட்டுவிடுவது நல்லது: ‘என் பிரீமியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா?’ பணத்தைப் புரோக்கர் கணக்கில் கட்டியிருந்தால் இது மிக முக்கியம். கம்பெனியின் சார்பில் வசூலிக்கும் ஒப்பந்தம் புரோக்கரிடம் இருந்தால், அவரிடம் கட்டியது கம்பெனியிடம் கட்டியதாகவே ஆகும். அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் அவர் கணக்கில் உட்கார்ந்திருக்கும்வரை உங்களுக்குக் கவரேஜே இல்லாமல் போகலாம். இந்தியாவில் 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு, பிரீமியம் வந்து சேராமல் கம்பெனி ரிஸ்க்கை ஏற்கக் கூடாது என்றே சொல்கிறது. பணம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால், கீழே சொல்லப்போகும் படிப்படியான வழிகளெல்லாம் அதற்குப் பொருந்தாது. கம்பெனிக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் அன்றைக்கே எழுத்தில் போக வேண்டிய விஷயம் அது.

இருந்து சரிசெய்வதா, புகார் கொடுப்பதா

தவறு புரோக்கர் பக்கம்தான், ஆனால் நஷ்டம் எதுவும் இல்லை, ரினியூவலுக்கும் நாள் இருக்கிறது என்றால், அவரிடமே இருந்து சரிசெய்து பார்ப்பதில் தப்பில்லை. பல வருடம் உங்கள் கிளெய்ம்களைக் கையாண்டவருக்கு உங்கள் விவரங்கள் தெரியும். அதற்கு ஒரு மதிப்பு உண்டு. திடீரென்று சேவை கெட்டுப்போனால் பெரும்பாலும் உங்கள் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போயிருப்பார், அல்லது அந்த நிறுவனத்தை வேறொரு பெரிய நிறுவனம் வாங்கியிருக்கும். சின்னப் பாலிசி என்பதும் ஒரு காரணம்: கமிஷன் பிரீமியத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதமாகக் கணக்காகிறது, ஆனால் முகவரி மாற்றும் வேலை சின்னப் பாலிசிக்கும் பெரிய பாலிசிக்கும் ஒன்றுதான். அதனால் சின்ன வாடிக்கையாளர் வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறார். காரணம் புரிகிறது; ஏற்க முடியாது. கமிஷனை வாங்கும்போது சின்னது என்று யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதற்குப் போன் உதவாது. எழுத்தில், நிறுவனத்தின் புகார் முகவரிக்கு, உங்கள் தொடர்பு ஆளுக்கும் நகல் வைத்து, இப்படி நாலு வரி போதும்:

‘பாலிசி எண் இது. முகவரி மாற்றம் கேட்டு இந்தத் தேதியில் எழுதினேன். இன்றுவரை மாற்றத்தைப் பதிவு செய்யும் எண்டார்ஸ்மென்ட் வரவில்லை. கம்பெனிக்கு நீங்கள் அனுப்பிய மெயிலின் நகலும் கம்பெனி கொடுத்த பதிவு எண்ணும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். இதை முறையான புகாராகப் பதிவு செய்து, புகார் எண்ணைத் தெரிவியுங்கள்.’

இதில் திட்டு இல்லை, கதை இல்லை. ‘முறையான புகார்’ என்ற சொல் மட்டும் விட்டுப்போகக் கூடாது. அது இல்லாவிட்டால் உங்கள் மெயில் சாதாரண விசாரணையாகவே கிடக்கும். அது இருந்தால் அன்றிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். பிரிட்டனில் இறுதிப் பதில் தர நிறுவனத்துக்கு 8 வாரம். அதற்குப் பிறகு, அல்லது இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள், நிதி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) சேவைக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவில் பொதுவாக 30 நாள், அதன்பின் 2018-ல் தொடங்கிய ஆஸ்திரேலிய நிதிப் புகார் ஆணையம். இந்தியாவில் ஒரு மாதம் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

வெள்ளிக்கிழமை வரும். வேலை நடந்திருந்தால் சரி, பொறுப்பாக ஒருவர் பெயரை வாங்கிக்கொண்டு தொடரலாம். ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று மறுபடியும் அதே வரி வந்தால் இன்னொரு வாய்ப்பு கொடுக்காதீர்கள். நாலு வரி மெயிலுக்குப் பதில் சொல்லாதவர் தீ விபத்துக் கிளெய்மில் ஓடி வந்து நிற்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

பாலிசி அப்படியே, புரோக்கர் மட்டும் வேறு

பலருக்குத் தெரியாத வழி இது. நான் பெரும்பாலானோருக்குச் சொல்லும் வழியும் இதுதான். பாலிசியைத் தொடாமல் புரோக்கரை மட்டும் மாற்ற முடியும். கம்பெனிக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். மேண்டேட் லெட்டர் என்பார்கள், நியமனக் கடிதம் என்பார்கள், அமெரிக்கா பக்கம் புரோக்கர் ஆஃப் ரெக்கார்ட் கடிதம் என்பார்கள். உள்ளே இருக்க வேண்டியவை: பாலிசிதாரர் பெயர், பாலிசி எண், எந்தத் தேதியிலிருந்து, புதிய புரோக்கரின் பெயரும் உரிம எண்ணும், பழைய நியமனம் ரத்து என்ற ஒரு வரி. நிறுவனத்தின் பாலிசி என்றால் லெட்டர்ஹெட்டில், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோடு.

கம்பெனி இதைப் பழைய புரோக்கருக்குத் தெரிவிக்கும். அவர் உங்களிடம் பேசி மறு கடிதம் வாங்கிக்கொண்டு வர, பல கம்பெனிகள் சில வேலை நாள் அவகாசம் கொடுக்கும். அமெரிக்காவில் வழக்கமாக 5 முதல் 10 வேலை நாள். இத்தனை நாள் எடுக்காத போனை அந்த அவகாசத்தில் அவரே அடிப்பார். குரல் மிகவும் இனிமையாக இருக்கும். யோசிக்க வேண்டியதையெல்லாம் கடிதம் கொடுப்பதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். இரண்டு கடிதம் மாறி மாறிப் போனால் கம்பெனியில் உங்கள் கோப்பு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும்.

பாதகங்களும் இருக்கின்றன. நடப்பு வருடக் கமிஷன் பெரும்பாலும் பழைய புரோக்கரிடமே தங்கிவிடும். புதியவர் ரினியூவல் வரை சும்மா வேலை பார்க்க வேண்டும். பெரிய கணக்கு என்றால் சந்தோஷமாகப் பார்ப்பார். தனிநபர் கார் பாலிசிக்கு அவ்வளவு ஆர்வம் இருக்காது. அதனால் ரினியூவலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் மாற்றுவதுதான் எல்லாருக்கும் தோதான நேரம். சில பாலிசிகளில், சில கம்பெனிகளில், நடு வருடத்தில் மாற்ற விடமாட்டார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நிலுவையில் கிளெய்ம் இருந்தால் அதை யார் தொடர்ந்து பார்ப்பது என்று புதியவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முன்னால் நடந்த பேச்சுவார்த்தை தெரியாத ஒருவர் பாதியில் நுழைந்தால் சில சமயம் வேலை கெடும். சர்வேயர் அறிக்கை வரும் தறுவாயில் இருந்தால் அந்தக் கிளெய்மை மட்டும் நீங்களே நேராகக் கம்பெனியோடு முடித்துக்கொள்வது மேல்.

கையெழுத்துப் போடும்போது ஒரு கவனம். ‘ஒரு கொட்டேஷன் எடுத்துப் பார்க்கிறேன், இதில் ஒரு கையெழுத்து’ என்று சொல்லி முழு நியமனக் கடிதத்தை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். விலை விசாரிக்க அனுமதிப்பது வேறு, உங்கள் புரோக்கராக நியமிப்பது வேறு. வரிக்கு வரி படியுங்கள். வணிகப் பாலிசி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று புரோக்கர்களைச் சந்தையில் இறக்கிவிட்டால், ஒவ்வொரு கம்பெனியும் முதலில் வந்தவரோடு மட்டும் பேசும், மற்றவர்களைத் திருப்பி அனுப்பும். நல்ல புரோக்கர் நல்ல கம்பெனியின் வாசலில் நிற்க, மோசமானவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். யார் எந்தக் கம்பெனியை அணுகுவது என்று நீங்களே பிரித்துக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

புரோக்கரே வேண்டாம், நேராகக் கம்பெனியோடு இருந்துகொள்கிறேன் என்பவர்களும் உண்டு. ஒரு கார், ஒரு டேர்ம் பாலிசி என்ற அளவில் இருப்பவருக்கு இது நன்றாகவே ஓடும். தொழிற்சாலை, சரக்குப் போக்குவரத்து, ஊழியர்களுக்கான குழுக் காப்பீடு என்றால் வேண்டாம். கிளெய்ம் தகராறில் உங்கள் பக்கம் நின்று பாலிசி வாசகத்தைப் படித்து வாதாட ஒருவர் தேவைப்படுவார். கம்பெனியின் கால் சென்டர் அதைச் செய்யாது.

பாலிசியையே விடுவது

கோபத்தில் பலர் எடுக்கும் முடிவு இது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுபோல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபம் புரோக்கர் மேல். நஷ்டப்படுவதோ உங்கள் கவரேஜ்.

என்ன போகும் என்று பாருங்கள். நடு வருடத்தில் ரத்து செய்தால் மீதி நாட்களுக்கான பிரீமியம் முழுசாகத் திரும்பி வராமல் போகலாம். ஆயுள் காப்பீட்டில் பாதியில் விட்டால் கிடைக்கும் தொகையான சரண்டர் மதிப்பு ஆரம்ப வருடங்களில் மிகவும் குறைவு. அதோடு இன்றைய வயதிலும் இன்றைய உடல்நிலையிலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து. இந்தியாவில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அது 36 மாதம் வரை இருக்கலாம். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியவரின் கிளெய்மை, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, விவரம் மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது என்ற பாதுகாப்பும் அங்கே உண்டு. பாலிசியை விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் அந்தக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். கம்பெனியையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் போர்ட்டபிலிட்டி வழியாக, ரினியூவல் நேரத்தில், சேர்த்து வைத்த காலத்தையும் எடுத்துக்கொண்டு மாறுங்கள்.

மருத்துவர், ஆடிட்டர், இன்ஜினியர் போன்றவர்கள் எடுக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை, தவறு எப்போது நடந்தது என்பதைவிட, வழக்கு எப்போது வந்தது என்பதைப் பார்ப்பவை. எந்தத் தேதிக்குப் பிறகு செய்த வேலைக்குக் கவரேஜ் என்று பாலிசியில் ஒரு முன்தேதி இருக்கும். புதிய பாலிசியில் அந்தப் பழைய தேதியை வாங்கத் தவறினால், இத்தனை வருடம் செய்த வேலை அத்தனையும் வெட்டவெளியில் நிற்கும்.

பாலிசியை விடுவது சரியான முடிவாகும் இடங்களும் உண்டு. புரோக்கர் தவறான பாலிசியை உங்கள் தலையில் கட்டியிருந்து, வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தால், திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். இந்தியாவில் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு அது இப்போது 30 நாள். பிரிட்டனில் ஆயுள் காப்பீட்டுக்கு 30, பொதுக் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் 14 நாள். அந்தக் காலம் தாண்டிவிட்டால், புதிய பாலிசி கையில் வந்து அது அமலுக்கு வந்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும். ஒரு நாள் இடைவெளிகூட வேண்டாம்.

ஆம்புட்ஸ்மேன், அதற்கும் மேலே

இரண்டு அமைப்புகளை மக்கள் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒழுங்குமுறை ஆணையம் புரோக்கரின் உரிமத்தைப் பார்க்கும். எச்சரிக்கும், அபராதம் போடும், தேவையானால் உரிமத்தை எடுக்கும். உங்கள் நஷ்டத்தை வாங்கித் தருவது பொதுவாக அதன் வேலை இல்லை. ஆம்புட்ஸ்மேன் உங்கள் நஷ்டத்தைப் பார்ப்பார். பணம் வேண்டுமா, அந்த ஆள் இன்னொருவருக்கு இதைச் செய்யாமல் தடுக்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு இடத்துக்கும் எழுதலாம்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு ஆம்புட்ஸ்மேன் விதிகளில் 2021-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு புரோக்கர்களின் சேவைக் குறைபாடும் ஆம்புட்ஸ்மேன் வரம்புக்குள் வந்துவிட்டது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு சொல்லலாம். புகார் மறுக்கப்பட்ட ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். கம்பெனி மீதான புகார் என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். இலங்கையில் 2000-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கச் சட்டத்தின்படி புரோக்கர்களைப் பதிவு செய்து மேற்பார்ப்பது காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. சிங்கப்பூரில் நிதித்துறைத் தகராறுகளுக்கு 2005-லிருந்து தனி தீர்வு மையம் இருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மாகாணம், மாநிலம் என்று பிரிந்து கிடக்கிறது. ஒன்டாரியோவில் புரோக்கர்களுக்கென்றே 1981-லிருந்து தனி அமைப்பு உண்டு, அமெரிக்காவில் உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறை.

இங்கே எடுபடுவது நஷ்டம். மரியாதைக் குறைவு அவ்வளவாக எடுபடாது. ‘போனே எடுக்கவில்லை’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, ‘இந்தத் தேதியில் நான் தகவல் கொடுத்தேன், இந்தத் தேதியில்தான் அது கம்பெனிக்குப் போனது, அதனால் இவ்வளவு ரூபாய் மறுக்கப்பட்டது’ என்று இரண்டு தேதிகளும் ஒரு தொகையுமாக ஒரு பக்கம் போதும். முதலில் செய்யச் சொன்ன அந்தப் போனின் பதிவு எண் இங்கேதான் கைகொடுக்கும்.

நஷ்டம் பெரியது என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். புரோக்கர்கள் தங்கள் கவனக்குறைவுக்குத் தாங்களே இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருப்பார்கள். இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகளில் அது கட்டாயம். ‘உங்கள் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டாளருக்கு இதைத் தெரிவியுங்கள்’ என்று கடிதத்தில் எழுதினால், அதுவரை அலட்சியமாக இருந்த விஷயம் நிர்வாக இயக்குநர் மேஜைக்குப் போகும். அதன்பின் வரும் கடிதங்கள் வறண்டு போயிருக்கும், மன்னிப்பு என்ற சொல்லே இருக்காது. அதற்காகக் கொதிக்க வேண்டாம். தன் சம்மதமில்லாமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று அந்தக் காப்பீட்டாளரே வழக்கமாக நிபந்தனை போட்டிருப்பார்.

நுகர்வோர் ஆணையம், நீதிமன்றம் என்பதெல்லாம் ஆம்புட்ஸ்மேன் வரம்பைத் தாண்டிய தொகைக்கும், அங்கே தோற்றவர்களுக்கும். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் கால வரம்பு இரண்டு வருடம். ஆம்புட்ஸ்மேனிடம் போகாமல் நேராக வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்துக்கு அப்புறம் ஆம்புட்ஸ்மேன் கதவு திறக்காது என்பதால் வரிசை முக்கியம். சமூக ஊடகத்தில் எழுதுவதால் சில நேரம் உடனடியாக ஒரு போன் வரும், அவ்வளவுதான். எழுதுவதாக இருந்தால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். பாலிசி எண்ணையும் மருத்துவ விவரங்களையும் பொதுவெளியில் போடாதீர்கள்.

புரோக்கரை மாற்றினீர்கள் என்றால் கடிதம் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். கம்பெனியின் பதிவில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று அவர்களிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். பழையவரிடமிருந்து புரொபோசல் பாரத்தின் நகல், எண்டார்ஸ்மென்ட்கள், கிளெய்ம் கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பாரத்தில் அவர் அடித்த டிக் ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துப் பார்த்து, தவறு இருந்தால் கிளெய்ம் எதுவும் வராத இந்த நேரத்திலேயே கம்பெனிக்கு எழுதித் திருத்திவிடுங்கள்.